ரைஃபிளின் பொறியமைப்பும் பராமரிப்பும் கற்க: சரியான கையேட்டைத் தேடிப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

கையேட்டில் படம் போட்டே சொல்லியிருந்தார்கள். போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் இரும்புத் தண்டை) பின்னுக்கு இழு, வலப்பக்கம் இருக்கும் சிறிய தாழ்ப்பாளைக் கீழே அழுத்து, போல்ட் தலையை மேலே தூக்கு, போல்ட் கழன்று வரும். என் முன்னால் மேசையில் கிடந்தது பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான ஒரு லீ-என்ஃபீல்டு நம்பர் 4. அதில் அந்தத் தாழ்ப்பாளே இல்லை. உடைந்து விழுந்துவிட்டதோ என்று தரையெல்லாம் தேடினேன். கால் மணி நேரம் கழித்து, அங்கே ஆயுத அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, மார்க் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கே, அதைப் பார்த்தீங்களா?" என்றார்.

ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின்) இடப்பக்கத்தில் பொறித்திருந்த அந்தச் சின்ன நட்சத்திரக் குறிதான் விஷயம். நம்பர் 4 மார்க் 1 ரைஃபிளில் தாழ்ப்பாள் உண்டு. 1941-க்குப் பிறகு கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையிலும் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனத்திலும் செய்த மார்க் 1 நட்சத்திரத்தில், உற்பத்தியை வேகப்படுத்த அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் போல்ட் தலை ஓடும் தண்டவாளத்தின் முன்பகுதியில் ஒரு வெட்டு. தலையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கினால் கழன்றுவிடும். என் கையேட்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அது வேறு ரைஃபிளுக்கான கையேடு, அவ்வளவுதான்.

ரைஃபிளைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் "எந்தப் புத்தகம் நல்ல புத்தகம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். "என் கையில் இருப்பது எது, அதைப் பற்றி எனக்கு இப்போது என்ன தெரிய வேண்டும்?" என்று ஆரம்பித்தால் தேடல் பாதியாகக் குறையும். எப்படிக் கழற்றுவது என்பதற்கு ஒரு ஏடு, ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேறு ஏடு, எவ்வளவு தேய்ந்தால் ஆபத்து என்பதற்கு மூன்றாவது ஏடு. எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

முதல் படி: துப்பாக்கியின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பரை (குழாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பாருங்கள், பிறகு விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இது எல்லாக் கையேட்டிலும் முதல் பக்கத்தில் இருக்கும். எல்லாரும் தாண்டிப் போகும் பக்கமும் அதுதான். உரிமம், சட்டம் பற்றியும் ஒரு வரி: ரைஃபிளை வைத்திருக்கவும் அதன் பாகங்களை மாற்றவும் நாட்டுக்கு நாடு விதி வேறு. உங்கள் உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் மற்றதெல்லாம்.

இனி குறிப்பேடு. ரிசீவரில் பொறித்திருக்கும் மாடல் பெயர், மார்க், நட்சத்திரம், வருடம், வரிசை எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பேரலில் (குழாயில்) பொறித்திருப்பதைத் தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய ராணுவ ரைஃபிள்கள் பேரல் மாறி, தோட்டா மாறி, ஸ்டாக் மாறி வந்திருக்கும். இஸ்ரேல் தன்னிடமிருந்த ஜெர்மன் மவுசர்களை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்த 2ஏ ரைஃபிளைத் தூரத்திலிருந்து பார்த்தால் பழைய .303 லீ-என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். ஆனால் அது 7.62-க்கென்று செய்தது. தோற்றத்தை நம்பி ஏடு தேடினால் என் கதைதான்.

வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் வைத்து ஒவ்வொரு முத்திரையையும் போனில் படம் எடுங்கள். முத்திரை மங்கலாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து நிழலாக எழும்பித் தெரியும். சோதனைச் சாலை முத்திரைகளையும் விடாதீர்கள். எந்த நாட்டில், எந்தக் காலத்தில் அந்தப் பேரலைச் சோதித்தார்கள் என்று அவை சொல்லும்.

இரண்டாம் படி: தயாரித்தவர் தந்த கையேடு

இன்றைக்கும் உற்பத்தியில் இருக்கும் ரைஃபிள் என்றால் வேலை சுலபம். பெரிய நிறுவனங்கள் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் ருகர் நிறுவனம் உற்பத்தி நின்றுபோன மாடல்களின் கையேடுகளையும் இலவசமாகத் தருகிறது. வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு வருடத்தைப் பார்க்கும் பட்டியலும் வைத்திருக்கிறது. 1964-இல் வந்த 10/22 மாதிரி நீண்ட காலம் ஓடும் மாடலுக்கு இது முக்கியம், ஏனென்றால் நடுவில் சிறு பாகங்கள் மாறிக்கொண்டே வரும். கையேட்டின் அட்டையிலோ கடைசிப் பக்கத்திலோ திருத்தப் பதிப்பின் எண்ணோ தேதியோ இருக்கும். உங்கள் ரைஃபிளின் வயதுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

நிறுவனக் கையேட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்த அளவுக்குக் கழற்றலாம் என்று அவர்கள் போட்டிருக்கும் எல்லைக்கோடு. திருகுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு. தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுக்கலாமா என்ற குறிப்பு. கடைசியது .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும்) ரைஃபிளுக்கு மிகவும் தேவை. சிலவற்றில் தோட்டாவை அடிக்கும் முள்ளான ஃபயரிங் பின் காலி சேம்பரின் விளிம்பில் போய் இடித்து அந்த இடத்தை நசுக்கிவிடும். சிலவற்றை அப்படி இடிக்காதபடியே வடிவமைத்திருப்பார்கள். வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது.

நிறுவனக் கையேடுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. பாதிப் பக்கம் வக்கீல் எழுதியது. "தகுதி பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடம் கொண்டு செல்லவும்" என்று பத்து இடத்தில் வரும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வரி எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் பயப்படும் இடங்கள் எவை என்று அதிலிருந்தே ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

கூடவே, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்ப அழைத்தது. ட்ரிகரை இழுக்காமலே வெடிக்க வாய்ப்பு இருந்தது காரணம். அச்சடித்த கையேட்டில் இந்தச் செய்தி இருக்க வழியில்லை; தளத்தில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ராணுவக் கையேடுகள், அவற்றின் எண் கணக்கு

என்னைக் கேட்டால் ரைஃபிள் பராமரிப்பு பற்றி உலகத்தில் எழுதியதிலேயே தெளிவான உரைநடை ராணுவக் கையேடுகளில்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன், தூக்கமில்லை, மழை, சேறு. அவனுக்குப் புரிய வேண்டும் என்று எழுதியவை. படமும் நிறைய.

அமெரிக்க ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகளுக்கு டிஎம் என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். எம்16ஏ2, எம்4 வகைகளுக்கான கையேட்டின் எண் டிஎம் 9-1005-319-10. முதலில் பார்த்தபோது தொலைபேசி எண் மாதிரி இருந்தது. பிரித்தால் புரிந்துவிடும். 9 என்பது ஆயுதத் தளவாடப் பிரிவு. 1005 என்பது 30 மில்லிமீட்டர் வரையிலான துப்பாக்கிகளுக்கு அவர்களின் கிடங்குக் கணக்கில் இருக்கும் வகை எண். 319 அந்தக் குறிப்பிட்ட ஆயுதக் குடும்பம். கடைசியில் வரும் 10 தான் நமக்கு முக்கியம்: அது பராமரிப்பின் அடுக்கு.

10 என்றால் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவன் செய்ய வேண்டியது. 20 என்றால் அவனுடைய அலகின் ஆர்மரர் (ஆயுதம் பழுதுபார்ப்பவர்) செய்வது. 30 அதற்கும் மேலே உள்ள பணிமனை. 23 என்று பார்த்தால் 20-உம் 30-உம் ஒரே கட்டில் என்று பொருள். பக்கத்தில் பி என்ற எழுத்து வந்தால் பாகப் பட்டியலும் பிரித்துக் காட்டும் படங்களும் உண்டு. இதே கணக்கில் எம்1 கேரண்டுக்கு டிஎம் 9-1005-222-12 இருக்கிறது. 12 என்பதால் வைத்திருப்பவனுக்கும் ஆர்மரருக்கும் சேர்த்து ஒரே புத்தகம்.

இந்த அடுக்கு ஏன் முக்கியம் என்று ஒரு உதாரணம். எம்16 குடும்பத்தில் பேரலை ரிசீவரோடு பிடித்து வைக்கும் பெரிய நட்டை எவ்வளவு இறுக்குவது? 10-ஆம் அடுக்குக் கையேட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அது அவன் வேலையே இல்லை. 23-இல் இருக்கிறது: 30 அடி-பவுண்டுக்குக் குறையாமல், 80-ஐத் தாண்டாமல், வாயுக் குழாய் போகும் துளை நேராக வரும்வரை. நீங்கள் தேடுவது கிடைக்கவில்லை என்றால் புத்தகம் மோசம் என்று முடிவு கட்டாதீர்கள், அடுக்கு மாறியிருக்கலாம்.

இன்னொன்று, இந்தக் கையேடுகளில் பெட்டி கட்டி வரும் மூன்று சொற்கள். 'வார்னிங்' என்றால் ஆள் காயப்படலாம், சாகலாம். 'காஷன்' என்றால் கருவி கெடலாம். 'நோட்' என்றால் வேலையை எளிதாக்கும் குறிப்பு. எம்16 போல்ட்டை அதன் கேரியரோடு (போல்ட்டைச் சுமந்து ஓடும் உறையோடு) சேர்க்கும் கேம் பின் என்ற சிறிய முள்ளைப் பற்றி ஒரு வார்னிங் வரும்: அதைப் போடாமல் பூட்டிச் சுட்டால் ரைஃபிள் வெடிக்கலாம் என்று. விரல் நுனி அளவுதான் இருக்கும் அந்தப் பாகம். கழற்றி வைத்த தட்டில் ஓரமாக உருண்டு ஒளிந்துகொள்ளும். அது இல்லாமலும் மற்ற பாகங்களை ஒன்றாகச் சேர்த்துவிட முடியும் என்பதுதான் பயங்கரம்.

எம்16-இன் கதையே பராமரிப்புக் கையேட்டின் மதிப்புக்கு ஒரு பாடம். 1960-களின் நடுவில் வியட்நாமுக்குப் போனபோது, இதைச் சுத்தம் செய்யவே தேவையில்லை என்ற பேச்சு பரவியிருந்தது. சுத்தம் செய்யும் சாமான்கள் போதுமான அளவு போகவில்லை. தோட்டாவின் வெடிமருந்து வகை மாறியிருந்தது. சேம்பருக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. தோட்டாக் கூடு சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டு ரைஃபிள்கள் சிக்கின, ஆட்கள் செத்தார்கள். 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தது. சேம்பருக்குக் குரோமியம் பூசினார்கள், சுத்தம் செய்யும் சாமான்களை அனுப்பினார்கள். அதோடு வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரரை வைத்துப் படக்கதை வடிவில் ஒரு கையேட்டையும் அச்சடித்து வீரர்களின் கையில் கொடுத்தார்கள். அவர் அதற்கு முன்பே, 1951-இல் தொடங்கிய ராணுவப் பராமரிப்பு மாத இதழான பி.எஸ்.-க்கு வரைந்துகொண்டிருந்தவர். அந்தப் படக்கதைக் கையேடு இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பெண்களைச் சித்திரித்த விதம் இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும். ஆனால் துப்பாக்கியில் அழுக்கு எங்கே சேரும் என்பதை அதைவிட எளிமையாகக் காட்டிய பக்கங்களை நான் பார்த்ததில்லை.

எங்கே தேடுவது? இன்டர்நெட் ஆர்கைவ், ஹாத்திட்ரஸ்ட் இரண்டிலும் பழைய ராணுவக் கையேடுகள் குவிந்து கிடக்கின்றன. ரைஃபிளின் பெயரைத் தட்டுவதைவிடக் கையேட்டின் எண்ணைத் தட்டுங்கள். பெயரைத் தட்டினால் விற்பனைக் கடைகள்தான் முதலில் வரும். முதல் பக்கத்தில் பொது வெளியீட்டுக்கு அனுமதி உண்டு என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கையேடுகள் பலவற்றில் இருக்கும். ரஷ்ய ரைஃபிள் என்றால் 'நஸ்தாவ்லேனியே போ ஸ்த்ரெல்கோவமு தேலு' என்ற தலைப்பில் அவர்களின் ராணுவக் கையேடுகள் வந்திருக்கின்றன. அதை ரஷ்ய எழுத்திலேயே தட்டித் தேடினால் ஆங்கிலத்தில் வராதது எல்லாம் வரும். மொழி தெரியாவிட்டாலும் படங்கள் பேசும். மீதியை மொழிபெயர்ப்புக் கருவி பார்த்துக்கொள்ளும். அளவுகளை மட்டும் அந்தக் கருவியை நம்பி எடுக்காதீர்கள், மூலப் பக்கத்தில் எண்ணைச் சரிபாருங்கள்.

நான்காம் படி: எப்படி வேலை செய்கிறது என்பதற்கு காப்புரிமை ஆவணங்கள்

கழற்றிப் பூட்டத் தெரிந்துவிட்டால் துப்பாக்கி தெரிந்துவிட்டது என்று நினைப்பது சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் பஞ்சர் ஒட்டத் தெரியும் என்பது மாதிரி. பொறியமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சட்டகம் வேண்டும். ராணுவப் பயிற்சியில் எட்டு கட்டமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்: தோட்டா மேகசினிலிருந்து ஏறுவது, சேம்பருக்குள் போவது, போல்ட் பூட்டுவது, வெடிப்பது, பூட்டு விடுவது, காலிக் கூட்டைச் சேம்பரிலிருந்து உருவுவது, அதை வெளியே எறிவது, சுத்தியல் மறுபடி நாணேறுவது. கையால் இயக்கும் போல்ட் ரைஃபிளிலும் தானாக இயங்கும் ரைஃபிளிலும் இதே எட்டுதான். வரிசை மட்டும் சிலவற்றில் கொஞ்சம் முன்பின் ஆகும். உங்கள் ரைஃபிளில் ஒவ்வொரு கட்டத்தையும் எந்தப் பாகம் செய்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம்.

பிறகு காப்புரிமைகளுக்குப் போங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் இரண்டும் இலவசம். பெயரால் தேடுவதைவிட வகைக் குறியீட்டால் தேடலாம். சிறு ஆயுதங்களுக்கும் பீரங்கிகளுக்கும் பொதுவான பொறியமைப்புகள் எஃப்41ஏ என்ற வகையில் வரும். அதற்குள் 3 என்றால் போல்ட் முதலிய பூட்டும் அமைப்புகள், 5 தானே இயங்கும் வகைகள், 17 செஃப்டி, 19 ட்ரிகரும் சுடும் அமைப்பும், 21 பேரல். 29 என்ன தெரியுமா? சுத்தம் செய்வதும் எண்ணெயிடுவதும். நூறு வருடங்களுக்கும் மேலாக மனிதர்கள் ஒரு இரும்புக் குழாயைத் துடைக்க என்னென்ன யோசித்திருக்கிறார்கள் என்று அங்கே போய்ப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

காப்புரிமையின் அழகு என்னவென்றால், கண்டுபிடித்தவரே தன் வாயால் காரணம் சொல்கிறார். யூஜின் ஸ்டோனரின் அமெரிக்கக் காப்புரிமை 2,951,424-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960 செப்டம்பர் 6-இல் வழங்கப்பட்டது, எம்16-உம் சேர்ந்த ஏஆர் வகை ரைஃபிள்களின் போல்ட்டும் கேரியரும் அதில்தான். இந்த அமைப்பை உலகம் முழுக்க 'நேரடி வாயு மோதல்' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டோனரோ தன் ஆவணத்தில், வழக்கமான மோதல் முறைக்கு மாறாக இது உண்மையாக விரியும் வாயுவால் இயங்குவது என்று சொல்லியிருக்கிறார். வாயு கேரியருக்குள் வந்து விரிகிறது. போல்ட்டின் வால் பகுதியே பிஸ்டன். இது புரிந்தவுடன், போல்ட்டின் வாலில் ஏன் கரி படிகிறது, அங்கே இருக்கும் மெல்லிய வளையங்களை ஏன் கவனிக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பராமரிப்பு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எச்சரிக்கை ஒன்று. காப்புரிமைப் படம் கொள்கையைக் காட்டுவது. தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கி பல இடங்களில் வேறு மாதிரி இருக்கும். அதை வைத்துக் கழற்றப் போகாதீர்கள்.

அருங்காட்சியகங்களில் பக்கவாட்டில் அறுத்து உள்ளே தெரியும்படி வைத்த வெட்டு மாதிரிகளையும் தவறவிட வேண்டாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருக்கும் ராயல் ஆர்மரீஸ் தன் சேகரிப்பைப் படங்களோடு இணையத்தில் தேடிப் பார்க்க வைத்திருக்கிறது.

ஐந்தாம் படி: அளவுகள்

இது சிறிய படிதான், ஆனால் ஏமாற்றுப் பேச்சு அதிகம் புழங்கும் இடம். தோட்டாவின் அளவு, சேம்பரின் அளவு, அனுமதிக்கும் அழுத்தம் இவற்றுக்கு இரண்டு அமைப்புகளின் ஆவணங்கள்தான் கடைசி வார்த்தை. ஒன்று 1926-இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு, பெயர்ச் சுருக்கம் எஸ்ஏஏஎம்ஐ. எழுத்துக் கூட்டிப் படித்தால் நமக்கு 'சாமி' என்றுதான் வாயில் வரும். மற்றது ஐரோப்பாவை மையமாகக் கொண்ட சிஐபி. இரண்டும் அளவுப் படங்களை இலவசமாகவே வெளியிடுகின்றன.

இவற்றைப் படிக்கும்போது ஹெட்ஸ்பேஸ் என்ற சொல் வரும்: பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும், சேம்பரில் தோட்டா போய்த் தட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். அதை அளக்க கேஜ் என்ற அளவுகோல்கள் உண்டு. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு 'கோ' கேஜ் (போல்ட் இதன்மேல் மூட வேண்டும்) 1.630 அங்குலம், 'நோ-கோ' (மூடக் கூடாது) 1.634, 'ஃபீல்டு' (இதன்மேலும் மூடினால் சுடவே கூடாது) 1.638. நல்ல சேம்பருக்கும் ஒதுக்கித் தள்ள வேண்டிய சேம்பருக்கும் இடையே ஆயிரத்தில் எட்டு பங்கு அங்குலம்தான். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். லீ-என்ஃபீல்டு நம்பர் 4-க்கு இதற்காகவே 0 முதல் 3 வரை எண் போட்ட போல்ட் தலைகள் உண்டு. அதனால்தான் போல்ட் கைப்பிடியில் ரிசீவரின் அதே வரிசை எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். நான்கு துப்பாக்கிகளை ஒன்றாகச் சுத்தம் செய்து போல்ட்டுகளைக் கலந்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: பழைய புத்தகங்களை எப்படிப் படிப்பது

பழைய புத்தகத்தில் இருப்பது அந்தக் காலத் தோட்டாவுக்கும் அந்தக் கால எண்ணெய்க்கும் சொன்ன புத்தி. பிரிட்டிஷ் கையேடுகளில், சுட்டு முடித்ததும் புனல் வைத்துப் பேரலில் கொதிக்கும் நீரை ஊற்று என்று வரும். இன்றைக்குப் படித்தால் துருப்பிடிக்க வழி சொல்கிறார்களே என்று தோன்றும். அப்போதைய தோட்டாக்களின் ப்ரைமரில் (அடியில் முதலில் பற்றும் சிறு மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகப் பேரலில் படியும். உப்புதான், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். ஆகவே முதலில் தண்ணீர், நன்றாக உலர்த்தல், அப்புறம் எண்ணெய். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை இல்லை. ஆனால் பழைய ராணுவக் கிடங்குத் தோட்டாவைச் சுடுகிறீர்கள் என்றால் அந்தப் புனல்காரர் சொன்னதுதான் சரி. ஏட்டின் வயதையும் தோட்டாவின் வயதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

காலம் கடந்தும் தேவைப்படும் பழைய புத்தகங்களும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் ஜூலியன் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட குறிப்பேட்டுத் தொகுப்பு அப்படிப்பட்டது. தொடக்க கால 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு ரிசீவர்கள் சில ஏன் நொறுங்கின என்று அதில் விரிவாக வருகிறது. உலையில் இரும்பின் சூட்டைத் தொழிலாளி நிறத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கணித்தார். வெயில் நாளில் ஒரு மாதிரி தெரியும், மேகமூட்டத்தில் வேறு மாதிரி. கருவி வைத்து அளந்தபோது இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தது தெரிந்தது. ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையின் 800,000-க்குக் கீழான எண்களும், ராக் ஐலண்ட் ஆலையின் 285,507-க்குக் கீழான எண்களும் சந்தேகப் பட்டியலில் போனது இப்படித்தான். முதல் படியில் வரிசை எண்ணை எழுதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழாம் படி: வீடியோக்கள்

பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஒரு ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் துள்ளும் என்பதை எந்தப் படமும் வீடியோ அளவுக்குக் காட்டாது. ஆனால் கையேட்டைப் படித்த பிறகு பாருங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை வீடியோக்காரர் செய்தால், காரணம் சொல்கிறாரா என்று கவனியுங்கள். காரணம் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். "நான் எப்பவும் இப்படித்தான்" என்றால் விட்டுவிடலாம். தோட்டா இருக்கிறதா என்று கேமராவுக்குக் காட்டாமலே வேலையைத் தொடங்குகிறவரின் வீடியோவை நான் அந்த நொடியே மூடிவிடுவேன்.

கையேடு மௌனமாக இருக்கும் இடத்தில் அனுபவசாலியின் வீடியோ உயிரையே காப்பாற்றுவதும் உண்டு. சோவியத் வடிவமைப்பான எஸ்கேஎஸ் ரைஃபிளில் ஃபயரிங் பின் பெரும்பாலும் ஸ்ப்ரிங் இல்லாமல் போல்ட்டுக்குள் தளர்வாக ஓடும். கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றிய தடித்த கிரீஸ் அந்தக் குழாய்க்குள் உறைந்து, பின்னை முன்னே நீட்டியபடி பிடித்துக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடித்துவிடும். கிரீஸோடு வாங்கிய எஸ்கேஎஸ்ஸில் முதல் வேலை போல்ட்டை முழுக்கக் கழற்றிக் கழுவுவதுதான். கழுவிய பின் போல்ட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் பின் உள்ளே கிலுகிலுக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: உங்கள் சொந்த ஏடு

இவ்வளவையும் சேர்த்த பிறகு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு ஏடுகள் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. முரண்பட்டால் தயாரித்தவர் சொன்னதே மேல், அதிலும் உங்கள் பதிப்புக்கு உரியதே மேல்.

கலைச்சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தமிழில் புரிகுழல் என்று அழகான சொல் இருக்கிறது, ஆனால் அதைத் தட்டித் தேடினால் ஒரு கையேடும் வராது. எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர், சியர், லக் என்று ஆங்கிலச் சொல்லையும், அதன் வேலை என்ன என்று உங்கள் தமிழில் ஒரு வரியையும் எழுதுங்கள். ஒரே பாகத்துக்குப் பிரிட்டிஷ் ஏட்டில் ஒரு பெயரும் அமெரிக்க ஏட்டில் வேறு பெயரும் வரும். மேகசினும் கிளிப்பும் ஒன்று என்று நினைத்துத் தேடினால் கேரண்டு கையேட்டில் வழி தவறிவிடுவீர்கள். அதில் எட்டுத் தோட்டா கிளிப் தனிப் பாகம், மேகசின் துப்பாக்கிக்கு உள்ளேயே இருப்பது.

முதல் முறை கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பூட்டும்போது வலமிருந்து இடம். எந்தத் தேதியில் எத்தனை தோட்டா சுட்டது, எதை மாற்றியது, எந்த எண்ணெய் போட்டது என்பதையும் எழுதுங்கள். ஸ்ப்ரிங் எப்போது தளர்ந்தது என்பதைக் கையேடு சொல்லாது, இந்தக் கணக்கு சொல்லும்.

ட்ரிகரின் சியரை (சுத்தியலைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கியை) தேய்ப்பது, ஹெட்ஸ்பேஸைத் திருத்துவது, பேரலை மாற்றுவது மூன்றையும் எவ்வளவு ஏடு படித்தாலும் நேரடியாகக் கற்றுக்கொடுக்கும் ஆர்மரர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அவரிடம் போகும்போது அந்தக் கோப்பையும் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கத்தில் எந்த வரி புரியவில்லை என்று காட்டிக் கேட்டால், நல்ல ஆர்மரர் யாரும் அலுத்துக்கொள்ள மாட்டார்.

மேசையில் பயன்படுத்த வேண்டிய பக்கங்களை மட்டும் தனியாக அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். சால்வென்ட்டும் கரியும் அப்பிய விரலால் அடுத்த பக்கத்தைத் தள்ளப் பார்த்தால் திரை நகராது. என் லீ-என்ஃபீல்டு பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு பெரிய நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்.